வீக்கம் என்று ஒரே சொல், சங்கதி இரண்டு: பெருந்தமனிப் புடைப்பும் சி.ஆர்.பி. ரிப்போர்ட்டும்

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். ரத்தம் எடுப்பேன், மெஷினில் ஓட்டுவேன், ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுப்பேன். அதற்கு அர்த்தம் சொல்வது டாக்டர் வேலை. ஆனாலும் கவரை வாங்கியதுமே வாசலிலேயே பிரித்து, தடித்த எழுத்தில் இருக்கும் எண்ணில் விரலை வைத்து, "அக்கா, இது என்ன?" என்று கேட்காமல் போகிறவர்கள் குறைவு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு தம்பி தன் அப்பாவைக் கூட்டி வந்தார். பெரியவருக்கு எழுபது நெருங்கும் வயது, நாற்பது வருஷ பீடி. சிறுநீரகக் கல் இருக்கிறதா என்று எடுத்த வயிற்று ஸ்கேனில் கல் ஒன்றும் இல்லை. ஆனால் பெருந்தமனி என்ற பெரிய ரத்தக்குழாய் 4.2 சென்டிமீட்டருக்கு விரிந்திருப்பது தற்செயலாகத் தெரியவந்தது. ஒரு வருஷம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அதே வாரம் எங்களிடம் எடுத்த சி.ஆர்.பி. என்ற ரத்தச் சோதனையில் 38. ஒரு மாசம் கழித்து எடுத்தால் 3. தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வீக்கம் வத்திப்போச்சுக்கா. இனிமே ஸ்கேனுக்கு எதுக்கு வெட்டியா செலவு?"

வீக்கம் வற்றவில்லை. முதல்முறை வந்தபோது பெரியவருக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்திருந்தது. பல்லைப் பிடுங்கிய பிறகு எண் இறங்கிவிட்டது. வயிற்றுக்குள் இருந்த குழாய் இருந்தபடியேதான் இருந்தது.

தம்பியைச் சொல்லிக் குற்றமில்லை. ஸ்கேன் எடுத்த இடத்தில் "குழாய் வீங்கியிருக்கு" என்றார்கள். எங்கள் கூடத்தில் "உடம்புல எங்கயாவது வீக்கம் இருக்கான்னு பாக்குற டெஸ்ட்" என்றோம். இரண்டு இடத்திலும் ஒரே சொல். கேட்கிறவர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடத்தானே செய்வார்? அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் இதை எழுதுகிறேன். இனி இந்தக் கட்டுரையில் குழாய் அகலமாவதைப் புடைப்பு என்றும், உடம்பு தன் எதிர்ப்புப் படையை இறக்குவதை அழற்சி என்றும் பிரித்தே சொல்கிறேன்.

## எலாஸ்டிக்கும் நாடாவும்

இதயத்திலிருந்து புறப்படுகிற பெரிய குழாய் பெருந்தமனி. ரிப்போர்ட்டில் அயோர்ட்டா என்று இருக்கும். நெஞ்சுக்குள் கைத்தடியின் பிடி மாதிரி வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்கி, ஏறத்தாழத் தொப்புள் உயரத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் மெயின் பைப் மாதிரி. மூளை, குடல், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் இதிலிருந்துதான் கிளைகள்.

மெயின் பைப் அசையாது, இது அசையும். ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் விரிந்து பழையபடி திரும்பும், ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை. இதற்காகக் குழாயின் சுவரில் இரண்டு வகை இழைகள் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் டிரவுசர் இடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எலாஸ்டிக் ஓடும். கூடவே ஒரு நாடாவும் ஓடும். எலாஸ்டிக் இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும். நாடா நீளாது, இதற்கு மேல் போகாதே என்று இறுக்கிப் பிடிக்கும். பெருந்தமனியில் எலாஸ்டிக் வேலையைச் செய்யும் இழைக்கு எலாஸ்டின் என்று பெயர். நாடா வேலையைச் செய்வது கொலாஜன்.

எலாஸ்டினைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிறு வயதில் உடம்பு செய்து வைத்ததைத்தான் கடைசி வரை வைத்து ஓட்டுகிறோம். வளர்ந்த பிறகு புதிதாக உருப்படியாக எதுவும் நெய்யப்படுவதில்லை. அதிலும் நெஞ்சுப் பகுதியை விட வயிற்றுப் பகுதிப் பெருந்தமனியில் எலாஸ்டின் அடுக்குகள் குறைவு. புடைப்பு வயிற்றுப் பகுதியில் அதிகமாக வருவதற்கு இது ஒரு காரணம்.

எலாஸ்டின் அறுந்துபோன இடத்தில் முழுப் பாரமும் நாடாவின் மேல் விழுகிறது. நாடாவும் நைந்தால் சுவர் வெளியே தள்ளும். சைக்கிள் டயர் ஓரிடத்தில் தேய்ந்துபோனால், உள்ளே காற்று எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தாலும் ட்யூப் அந்த இடத்தில் மட்டும் பிதுங்கும் இல்லையா, அதே கதைதான்.

வயிற்றுப் பகுதியில் இந்தக் குழாயின் அகலம் சாதாரணமாக 2 சென்டிமீட்டர் அளவு. 3 அல்லது அதற்கு மேல் போனால் அதைப் புடைப்பு என்கிறார்கள். மருத்துவப் பெயர் அனியூரிசம். பொதுவாக ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 சென்டிமீட்டர் வாக்கில் வரும்போது அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள். அதுவரை காவல்தான்: 4 முதல் 5 சென்டிமீட்டருக்குள் என்றால் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு ஸ்கேன். குழாய் அகலமாக ஆக, அதே ரத்த அழுத்தத்திலும் சுவர் தாங்க வேண்டிய இழுவிசை கூடிக்கொண்டே போகும். அதனால்தான் அகலத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

வைகை அணையை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. மட்டத்தை அளவுகோல் பார்த்துத்தான் சொல்கிறார்கள். வருசநாட்டு மலைமேல் மேகம் கறுத்திருக்கிறது என்பதும் ஒரு தகவல்தான். ஆனால் அதை வைத்து அணையில் எத்தனை அடி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். புடைப்புக்கு அளவுகோல் ஸ்கேன். சி.ஆர்.பி. அந்த மேகம்.

இதுவரை: புடைப்பு என்பது சுவரின் இழைகள் நைந்து குழாய் அகலமாவது. அதற்குச் சென்டிமீட்டர் உண்டு. பெரும்பாலும் வலி இருக்காது, அதனாலேயே வேறு எதையோ தேடும்போது அகப்படுகிறது.

## அழல் என்றால் நெருப்பு

அழற்சி என்ற சொல்லுக்குள் அழல் இருக்கிறது. அழல் என்றால் தீ. முள் குத்திய இடம் மறுநாள் எப்படி இருக்கும்? சிவந்து, சூடாகி, தடித்து, வலிக்கும். உடம்பு அந்த இடத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டி, வெள்ளை அணுக்களை அனுப்பி, கிருமியைக் கொன்று, செத்த திசுவைக் கூட்டித் தள்ளுகிறது. முள் போனதும் தீ அணைந்துவிடும். இது நல்ல அழற்சி. இது இல்லாவிட்டால் ஒரு முள் போதும் ஆளைச் சாய்க்க.

இன்னொரு வகை அணைவதே இல்லை. நீறு பூத்த நெருப்பு என்போமே, அது. மேலே பார்த்தால் சாம்பல், ஊதினால் கனல். பெருந்தமனிச் சுவருக்குள் வருஷக் கணக்கில் கனல்வது இந்த வகை. புகைப் பழக்கம், வயது, உயர் ரத்த அழுத்தம், குடும்ப வாகு, ஆணாக இருப்பது ஆகியவை இதற்குத் துணை போகின்றன. இவற்றில் புகைதான் எல்லாவற்றையும் விட மோசம். பீடியானாலும் சிகரெட்டானாலும் ஒன்றுதான். விசித்திரம் என்னவென்றால், ரத்தக்குழாய் நோய் எல்லாவற்றுக்கும் காரணமாகச் சொல்லப்படும் சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் வயிற்றுப் பெருந்தமனிப் புடைப்பு குறைவாகவே காணப்படுகிறது. அதற்காக யாரும் சர்க்கரையை வளர்க்க வேண்டாம்.

## இடிபாடு அள்ள வந்த ஜேசிபி

சுவருக்குள் என்ன நடக்கிறது? மாசி வீதிகளுக்குள் நுழையும் ஒரு சந்து. அங்கே ஒரு பழைய சுவர் சரிந்துவிட்டது. இடிபாட்டை அள்ள ஜேசிபி வருகிறது. சந்தோ குறுகல். திரும்பும்போது பக்கத்துச் சுவரில் இடிக்கிறது, அது சரிகிறது. அதை அள்ள இன்னொரு ஜேசிபி.

இங்கே ஜேசிபி என்பது மேக்ரோஃபேஜ், அதாவது கழிவைத் தின்று தீர்க்கும் பெரிய வெள்ளை அணு. அது இழைகளை வெட்டுகிற நொதிகளை வெளிவிடுகிறது. நொதி என்றால் உடம்பில் ஒரு வேதிவேலையை வேகப்படுத்தும் புரதம். இந்தக் குறிப்பிட்ட குடும்பத்துக்கு எம்.எம்.பி. என்று சுருக்கப் பெயர். அவை எலாஸ்டினைத் துண்டாக்குகின்றன. சுவரிலிருந்து உதிரும் எலாஸ்டின் துண்டுகளே இன்னும் மேக்ரோஃபேஜ்களைக் கூப்பிடுகின்றன. வெட்டியதால் வந்த குப்பை, வெட்டுகிறவர்களையே மறுபடி அழைக்கிறது. கூடவே, இழை நூற்று ரிப்பேர் பார்க்க வேண்டிய தசைச் செல்களும் சாகின்றன. கொத்தனாரும் இல்லை, ஜேசிபியும் போகமாட்டேன் என்கிறது.

ஆக, அழற்சிக்கும் புடைப்புக்கும் உறவு உண்டு. அதை நான் மறுக்கவில்லை. அழற்சி வேலை, புடைப்பு அதன் விளைவு. வேலை நின்றுபோனாலும் இடிந்த சுவர் தானாக எழும்பாது. தம்பியின் கணக்கு தப்பிய இடம் இதுதான்.

அழற்சியை முழு வில்லனாக நினைக்கவும் வேண்டாம். ஐன்ஸ்டைனுக்கு வயிற்றுப் பெருந்தமனியில் பெரிய புடைப்பு இருந்தது. 1948 டிசம்பரில் ருடால்ஃப் நிசன் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் வயிற்றைத் திறந்து, அதைச் செல்லோஃபேன் தாளால் சுற்றிவிட்டார். செல்லோஃபேன் திசுவை உறுத்தும், அழற்சி வரும், அது தழும்பாக இறுகிச் சுவருக்கு வெளியே கவசம் கட்டும் என்பது கணக்கு. செங்கல் சூளையில் தீ மண்ணை இறுக்குகிற மாதிரி. குழாயை மாற்றி வைக்கும் அறுவை அப்போது இன்னும் வரவில்லை. அதற்குப் பிறகு ஐன்ஸ்டைன் ஆறு வருஷத்துக்கு மேல் இருந்தார். 1955 ஏப்ரலில் அந்தப் புடைப்பு வெடித்தபோது மறுபடி அறுவை வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

## அனுப்புநர் முகவரி இல்லாத கடிதம்

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருவோம். அழற்சி நடக்கும் இடத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள் தங்களுக்குள் வேதித் தூதர்களை அனுப்பிப் பேசிக்கொள்ளும். அதில் ஒரு தூதர் இன்டர்லூக்கின்-6. ரத்தத்தில் ஏறிக் கல்லீரல் வரை போவது இவர் வழக்கம். கடிதத்தைப் பிரித்த கல்லீரல், அழற்சிக்கால உற்பத்தியைத் தொடங்குகிறது. அதில் முக்கியமான சரக்கு சி-ரியாக்டிவ் புரோட்டீன், சுருக்கமாக சி.ஆர்.பி. 1930இல் அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் டில்லட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். நிமோனியாக் கிருமியிலிருந்து பிரித்த சி என்ற பொருளோடு வினைபுரிந்ததால் இந்தப் பெயர்.

கவனியுங்கள்: சி.ஆர்.பி.யைச் செய்வது கல்லீரல், பெருந்தமனி இல்லை. கடிதம் எங்கிருந்து வந்தது என்று கல்லீரலுக்குத் தெரியாது. அதில் அனுப்புநர் முகவரி கிடையாது. பல்லில் சீழானாலும், மூட்டு வாதமானாலும், சிக்குன்குனியா ஆனாலும், போன வாரம் பைக்கில் விழுந்து சிராய்த்ததானாலும் கல்லீரல் ஒரே சரக்கைத்தான் அனுப்பும். தொந்தி, புகை, ஈறு நோய் இவையும் எண்ணைக் கொஞ்சம் தூக்கி வைக்கும்.

அடுத்து, இந்த எண் வேகமாக ஓடும். தூண்டுதல் வந்த சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சிக்குப் போகும். தூண்டுதல் நின்றால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். புடைப்போ சராசரியாக வருஷத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வளரும் ஆமை. ஆமையின் நடையை அணிலின் ஓட்டத்தை வைத்து எப்படி அளப்பது?

அளவிலும் கோளாறு உண்டு. பெருந்தமனிக் கனலுக்குச் சி.ஆர்.பி. பெரும்பாலும் கொஞ்சம்தான் ஏறும், ஏறாமலும் இருக்கும். ஒரு பல் சீழ் அதைப் பத்து மடங்கில் மூழ்கடித்துவிடும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் மெதுவாக முனகுவதைக் கேட்க முயல்கிற மாதிரி.

என் தொழில் எரிச்சல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில கூடங்கள் லிட்டருக்கு மில்லிகிராம் என்று எழுதும், சில டெசிலிட்டருக்கு. ஓரிடத்தில் 12, இன்னோரிடத்தில் 1.2 என்றால் இரண்டும் ஒன்றுதான். "அங்க எடுத்தா பன்னெண்டு, உங்ககிட்ட எடுத்தா ஒண்ணு, நல்லா கொறஞ்சிருக்கே" என்று சந்தோஷப்படுகிறவர்களை நான் வாரம் ஒருவராவது பார்க்கிறேன். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தையும் படியுங்கள். ஹெச்.எஸ். என்று முன்னால் போட்டு வரும் சி.ஆர்.பி.யும் அதே புரதம்தான். சின்ன அளவுகளையும் நுணுக்கமாக அளக்கும் முறை, அவ்வளவே. மாரடைப்பு அபாயத்தைக் கணிக்க லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ், 1 முதல் 3, 3க்கு மேல் என்று பிரிப்பார்கள். அந்த எல்லைகள் புடைப்புக்காகப் போடப்பட்டவை இல்லை.

சுருக்கமாக: சி.ஆர்.பி. எங்கோ புகைகிறது என்று சொல்லும். யானைமலை உச்சியிலிருந்து பார்த்தால் ஊருக்குள் எங்கோ புகை தெரியும். அடுப்பா, குப்பையா, வீடா என்று இறங்கிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

## பக்கத்து வரிகளில் இருப்பவை

இ.எஸ்.ஆர். என்பது பழைய சோதனை. நிற்க வைத்த குழாயில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கீழே படிகின்றன என்ற கணக்கு. அழற்சி இருந்தால் ஃபைப்ரினோஜன் என்ற உறைவுப் புரதம் கூடும். அணுக்கள் தோசை அடுக்கியது போல ஒட்டிக்கொண்டு சீக்கிரம் மூழ்கும். ரத்தசோகையும் வயதும் கூட இதை ஏற்றும்.

டி-டைமர் வேறு வகை. அது அழற்சியைக் காட்டிலும் ரத்த உறைவைப் பற்றிப் பேசுகிறது. புடைத்த இடத்தில் ரத்தம் நேராக ஓடாமல் சுழலும். ஆற்றில் தண்ணீர் சுழலும் முடுக்கில் வண்டல் படிகிற மாதிரி, சுவரோரம் ரத்தம் உறைந்து படியும். உறைவது ஒரு பக்கம், கரைவது ஒரு பக்கம் என்று ஓயாமல் நடக்கும். கரையும்போது உதிரும் துகள்தான் டி-டைமர். புடைப்பு உள்ளவர்களிடம் இது கூடியிருப்பது உண்மை. ஆனால் வயது, கர்ப்பம், அறுவை, காய்ச்சல் எல்லாவற்றிலும் கூடும். புடைப்பு இருப்பது தெரிந்த ஒருவருக்குத் திடீரென்று வயிறோ முதுகோ பிளப்பது போல வலித்து, வியர்த்து, மயக்கம் வந்தால் எந்த ரத்தச் சோதனைக்கும் காத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டுக் கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரி மாதிரி அறுவை வசதியுள்ள இடத்துக்குப் போங்கள்.

## சராசரி வேறு, உங்கள் அப்பா வேறு

"அப்புறம் ஏங்க்கா புடைப்பு உள்ளவங்களுக்கு சி.ஆர்.பி. ஜாஸ்தின்னு போட்டிருக்கான்?" என்று செல்போனைக் காட்டுவார்கள். போட்டிருப்பது பொய் இல்லை. புடைப்பு உள்ளவர்களை ஒரு பக்கமும் இல்லாதவர்களை ஒரு பக்கமும் நிறுத்திப் பார்த்த ஆய்வுகளில், உள்ளவர்களின் சராசரி சி.ஆர்.பி.யும் இன்டர்லூக்கின்-6உம் கூடுதலாக இருந்திருக்கின்றன. ஆனால் சராசரி என்பது கூட்டத்தின் கதை. ஆண்கள் சராசரியாகப் பெண்களை விட உயரம். அதற்காக, ஐந்தடி நாலங்குலம் என்று மட்டும் சொல்லி, ஆணா பெண்ணா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? புடைப்பு வளருமா, எவ்வளவு வேகத்தில் வளரும் என்று சி.ஆர்.பி.யை வைத்துச் சொல்ல முயன்ற ஆய்வுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

அழற்சியை அடக்கினால் புடைப்பு நின்றுவிடுமா என்பது நியாயமான கேள்வி. டாக்சிசைக்ளின் என்ற பழைய ஆன்டிபயாட்டிக், இழை வெட்டும் அந்த எம்.எம்.பி. நொதிகளைத் தடுக்கும். எலிகளில் பலன் தெரிந்தது. அமெரிக்காவில் சிறிய புடைப்பு உள்ளவர்களுக்கு இரண்டு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது: மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை. புடைப்பைச் சுருக்கும் என்று நிரூபணமான மாத்திரை இன்று வரை கிடையாது. பாலில் மஞ்சள் போட்டுக் குடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. குழாய் சுருங்கும் என்று நம்பி ஸ்கேனை விடுவதில்தான் ஆட்சேபம். கொழுப்புக்குக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சி.ஆர்.பி.யைக் குறைக்கும். மாரடைப்பைத் தடுக்கப் புடைப்பு உள்ளவர்களுக்கு அது தேவையும்கூட. அந்தக் குறைவைப் பார்த்துப் புடைப்பு குறைந்ததாகக் கணக்குப் போட வேண்டாம். பீடியை விட்டால் வளர்ச்சி மெதுவாகும், அது மட்டும் நன்றாகத் தெரிந்த சங்கதி.

## சி.ஆர்.பி. நிஜமாகவே பேசும் இடங்கள்

சில நேரம் டாக்டர்கள் பெருந்தமனிக்காகவே சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். எழுதுவார்கள். அப்போது அலட்சியம் கூடாது.

அழற்சிப் புடைப்பு என்று ஒரு சிறுபான்மை வகை உண்டு. சுவர் மெலிவதற்குப் பதிலாகத் தடித்து, வெள்ளையாக இறுகி, பக்கத்து உறுப்புகளோடு ஒட்டிக்கொள்ளும். இவர்களுக்கு வயிற்று வலி, எடைக் குறைவு இருக்கும், இ.எஸ்.ஆர். நன்றாகவே ஏறியிருக்கும். கிருமி தொற்றிய புடைப்பு இன்னும் ஆபத்தானது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் ரத்தத்தில் வந்து, ஏற்கெனவே நைந்த சுவரில் குடியேறும். காய்ச்சலும் முதுகுவலியும் உயர்ந்த சி.ஆர்.பி.யும் சேர்ந்தால் டாக்டர் கிருமி வளர்ப்புச் சோதனைக்கும் ரத்தம் கேட்பார்.

இளம் பெண்களிடம் வரும் தகாயாசு நோயும் இந்த வரிசைதான். 1908இல் இதை விவரித்த ஜப்பானியக் கண் மருத்துவர் தகாயாசுவின் பெயர். பெருந்தமனியையும் அதன் கிளைகளையும் தாக்கும் அழற்சி இது. ஆசியாவில், நம் நாட்டிலும், அதிகம். ஒரு கையில் நாடி கிடைக்காமல் போகும், குழாய் அடைக்கும், சில நேரம் புடைக்கும். சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்க இவர்களுக்கு அடிக்கடி சி.ஆர்.பி. எடுப்போம். இங்கேயும், எண் சரியாக இருக்கும்போதே உள்ளே நோய் ஓடிக்கொண்டிருப்பது உண்டு. அதனால் அவ்வப்போது படமும் எடுத்துப் பார்ப்பார்கள்.

தொடை வழியாகக் குழாய்க்குள் ஸ்டென்ட் பொருத்திய பிறகு சிலருக்குச் சில நாள் காய்ச்சலும் சி.ஆர்.பி. ஏற்றமும் வரும். கிருமியே இருக்காது, புதுப் பொருளுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு. வீட்டார் பதறிவிடுவார்கள். கிருமியா இல்லையா என்று டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை பொறுத்திருக்க வேண்டியதுதான்.

உசிலம்பட்டித் தம்பியை அன்றைக்கு டாக்டரிடமே திருப்பி அனுப்பினேன். வருஷ ஸ்கேனில் 4.4 வந்ததாம். போன மாசம் அப்பாவுக்குச் சர்க்கரை டெஸ்ட் எடுக்க வந்திருந்தார். ஃபைல் அட்டையில் தேதி போட்டு 4.2, 4.4 என்று பேனாவால் எழுதி வைத்திருந்தார். பெரியவர் பீடியை விட்டு எட்டு மாசம் ஆகிறதாம். அவரே சொன்னார், கொஞ்சம் வருத்தத்தோடு.

"அப்ப சி.ஆர்.பி. எடுக்க வேண்டாமாக்கா?" என்றார் தம்பி.

"டாக்டர் எழுதியிருக்காரா?"

சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இல்லக்கா."

"அப்ப சட்டைக் கையை மடிச்சு விடச் சொல்லுங்க" என்று பெரியவரின் கைக்கு ரப்பரைக் கட்டினேன்.